ஆஸ்டின் செவனைக் காட்டாத கார் சுற்றுலா: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இங்கிலாந்து பழைய கார் சுற்றுலாவில் பர்மிங்காம் நாள் வீணானது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதையே ஈமெயிலில் எழுதினேன், வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், உங்கள் அலுவலகத்துக்கு நேரிலும் வந்து காத்திருந்தேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "மேலிடத்தில் சொல்லியிருக்கிறோம் சார்." அந்த மேலிடத்தின் விலாசம் யாருக்கும் தெரியாததால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உங்கள் பயணக் கையேட்டில் "லாங்பிரிட்ஜ், லிக்கி கிரேஞ்ச், கெய்டன் அருங்காட்சியகம்: ஆஸ்டின் செவன் பிறந்து வளர்ந்த மண்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆஸ்டின் செவன் என்பது 1922-ல் வந்த சின்ன பிரிட்டிஷ் கார். அதைப் பார்க்கத்தான் பணம் கட்டினேன். அப்படி அச்சடித்தவர்களுக்கு அந்தக் கார் எதுவென்று தெரியும் என்றுதானே நினைப்பேன்? ஆனால் நீங்கள் அனுப்பிய வழிகாட்டியிடம் பஸ்ஸில் ஆஸ்டின் பற்றிக் கேட்டால், "அது அமெரிக்காவில் இருக்கிற ஊர் சார்" என்கிறார்!

அன்று காலை முழுக்க எங்களை ஒரு ஷாப்பிங் வளாகத்தில் இறக்கிவிட்டார்கள். லிக்கி கிரேஞ்ச் பக்கமே போகவில்லை. ஆஸ்டின் கார் கம்பெனியை நிறுவிய ஹெர்பர்ட் ஆஸ்டினின் வீடு அது. 1921-ல் கம்பெனி கடனில் மூழ்கி, கடன்காரர்களுக்காக நிர்வாகம் பார்க்கும் ரிசீவர் கைக்குப் போயிருந்தது. சின்ன கார் யோசனையை இயக்குநர்கள் ஏற்கவில்லை. மனிதர் விடவில்லை. ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது வரைவாளரை வீட்டுக்கே வரவழைத்து, பில்லியர்ட்ஸ் அறையில் உட்கார வைத்து வரைய வைத்தார். எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர் போதாது, நான்கு வேண்டும் என்று வாதாடி ஜெயித்தது அந்தப் பையன்.  இதையெல்லாம் அந்த வாசலில் நின்று சொல்ல வேண்டிய வழிகாட்டி, தள்ளுபடி விலையில் ஷூ வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆஸ்டின் தொழிற்சாலை இருந்த லாங்பிரிட்ஜில் பஸ் நிற்கக்கூட இல்லை. "தொழிற்சாலை இடிஞ்சுபோச்சு" என்றார். 2005-ல் மூடியதும் பெரும்பகுதி இடிபட்டதும் எனக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படியானால் கையேட்டில் எதற்குப் போட்டீர்கள்?

கெய்டன் கார் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேரும்போது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். செவனின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், 'ஏ' வடிவத்தில் இருக்கும்: இரண்டு சட்டங்கள் முன்பக்கம் குவிந்து சேரும், அந்த முனையில் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், பின்னால் கால்நீள்வட்ட ஸ்பிரிங்குகள். கரும்பலகையில் அதை வரைந்தே என் காலம் போனது. ஒரு தடவை குனிந்து நிஜத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். முதல் வண்டிகளில் கால் பிரேக் பின்சக்கரத்துக்கு, கை பிரேக் முன்சக்கரத்துக்கு. அந்தக் கம்பிகள் எப்படி ஓடுகின்றன என்று கண்ணால் பார்க்க வேண்டும். இந்த வயதில் இன்னொரு முறை விசா எடுத்துப் போக முடியுமா? என் வாழ்நாளின் ஒரே ஆசையை நீங்கள் குழிதோண்டிப் புதைத்துவிட்டீர்கள். மிகையாகச் சொல்லவில்லை.

இதைச் சொல்லத்தான் உங்கள் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த நபர் பொறுமையாகக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, "பழைய வண்டி பார்க்க லண்டன் வரைக்கும் போகணுமா சார், காயலான் கடைக்குப் போனா போதாதா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது.

காயலான் கடை! இங்கிலாந்தில் குதிரைத்திறனுக்கு 1 பவுண்டு வீதம் கார் வரி இருந்த காலம் அது. ஃபோர்டு டி மாடல் காருக்கு 23 பவுண்டு கட்ட வேண்டும், செவனுக்கு 8 போதும். 1922-ல் 225 பவுண்டுக்கு அறிவித்த வண்டி சீக்கிரமே 165-க்கு இறங்கியது. பைக்கோடு சைட்கார் மாட்டி மழையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனவனுக்கு நான்கு சக்கரமும் கூரையும் கிடைத்தது. 747 சிசி எஞ்சின்தான். 1939 வரை கிட்டத்தட்ட 2,90,000 வண்டிகள் தயாராகின. ஜெர்மனியில் உரிமம் வாங்கி டிக்ஸி என்று செய்தார்கள், அந்தத் தொழிற்சாலையை 1928-ல் வாங்கித்தான் பிஎம்டபிள்யூ கார் தொழிலுக்கே வந்தது. அந்த நபரிடம் இதைச் சொல்லுங்கள். பிஎம்டபிள்யூ என்றாலாவது எழுந்து நிற்பார்.

ஷாப்பிங் வளாகத்தில் உங்களுக்குக் கமிஷன் உண்டா என்று கேட்டதற்கும் இதுவரை பதில் இல்லை.

மன்னிக்கவும், கோபத்தில் நீண்டுவிட்டது. உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் என் பெட்டியைத் தேடிக் கொடுத்த பெண் ஒருவர் போதும் அதற்கு. சுமுகமாகத் தீர்க்கவே விரும்புகிறேன். அந்த நாளுக்கான கட்டணம், அருங்காட்சியக நுழைவுக் கட்டணம் இரண்டும் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அடுத்த சுற்றுலாவில் தள்ளுபடி என்ற கூப்பன் வேண்டாம். பதினைந்து நாளில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடுவேன். கையேடு, ரசீது, பூட்டிய கதவின் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போன் வேண்டாம், காயலான் கடைக்காரர் பேசுவதாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

இப்படிக்கு,
பர்மிங்காம் நாளுக்கும் சேர்த்து முழுப்பணம் கட்டிய வாடிக்கையாளர்