ரோட்டோரக் காத்தாடி

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே ஆடி பிறந்ததும் கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. காயப்போட்ட வேட்டியைக் கருவேல முள்ளில் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, மனசைக் குடையும் விஷயத்துக்கு வருகிறேன். சாயல்குடி போகும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி கரண்ட் எடுக்கிற ஒரு பழைய காத்தாடி, அதான் காற்றாலை, நிற்கிறது. போன வாரம் பைக்கை நிறுத்திவிட்டு அடியில் போய்ப் பார்த்தேன். உச்சிப் பெட்டியிலிருந்து ஆயில் வழிந்து, தூண் நெடுகக் கறுப்பாக இறங்கியிருக்கிறது. மூன்று இறக்கையில் ஒன்று கீழே வரும்போது மட்டும் சீழ்க்கை அடிக்கிறது. ஆடு மேய்க்கும் பாட்டி ஒருவர், தூணின் நிழல் நகர நகரத் தூக்குச்சட்டியோடு தானும் நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

2016இல் மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் போட்டது. தூணின் உயரம், இறக்கை வட்டத்தின் விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர்; இவ்வளவு தூரம் பொதுச் சாலையிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். 100 மீட்டர் தூண், 110 மீட்டர் விட்டம் என்றால் 160 மீட்டர். அடியோடு சாய்ந்தாலும் ரோட்டை எட்டாத கணக்கு அது. ஆனால் சுற்றுகிற வேகத்தில் இறக்கை முறிந்தால்? கவணிலிருந்து விட்ட கல் காலடியிலா விழும்? நம்ம ஊர்க் காத்தாடியோ அந்தக் கணக்குக்கும் முந்தியது. அறுபதடி தள்ளி ஸ்கூல் வேன் போகிறது.

காற்று மிஞ்சினால் இறக்கையைத் திருப்பி நிறுத்த உள்ளேயே ஏற்பாடு உண்டு, தெரியும். உப்புக்காற்றில் அது துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று யார் ஏறிப் பார்த்தார்கள்? பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னலே விழாது, ரயில் நிற்கும். எத்தனை தடவை மண்டபத்தில் காத்துக் கிடந்திருக்கிறோம்! அந்த அக்கறை ரோட்டில் போகிறவனுக்கும் வேண்டும்தானே?

காத்தாடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை மாப்ள. ரோட்டோரம் நிற்கிற பழசை முதலில் சோதிக்கட்டும், தேறாததை இறக்கட்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனு கொடுக்கிறோம். நீ சாலைப் பணியில் இருந்தவன். நகலை இத்தோடு வைத்திருக்கிறேன். திருத்தி, பத்தாம் தேதிக்குள் அனுப்பிவிடு.

உன் நண்பன்