பிறந்தநாள் இரண்டு இருக்கும்போது மண்டபம் எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

இதை வாட்ஸப்பில் அனுப்பினால் இரண்டு பத்தி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரையோ பாப்பாவின் பெயரையோ சொல்லப்போவதில்லை, பயப்படாதே.

பாப்பாவின் பிறந்தநாளுக்கென்று நீ அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்தேன். வேளச்சேரியில் ஏ.சி. மண்டபம், 150 பேருக்கு பஃபே, யூனிகார்ன் தீம், பலூன் ஆர்ச், பெயரெழுத்தில் எல்.இ.டி. விளக்கு, டாட்டூ போட ஒருவர், மைக் பிடிக்க ஒருவர். தொடக்கம் மாலை ஆறரை. வேளச்சேரி டிராஃபிக்கில் எல்லாரும் வந்து சேர்ந்து கேக் வெட்ட எட்டு ஆகிவிடும். பாப்பா எட்டரைக்குத் தூங்குகிறவள். ஜிகினா கவுன் கழுத்தில் குத்த, யார் யாரோ கன்னத்தைக் கிள்ள, போட்டோகிராஃபர் “இங்க பாரும்மா” என்று விடாமல் கூப்பிட, அந்த நேரத்தில் எந்த மூன்று வயதுப் பிள்ளை சிரிக்கும்?

அழைப்புப் பட்டியலையும் பார்த்தேன். உன் ஆபீஸ், மாமனார் பக்கத்துச் சொந்தம், அப்பாவோடு பேங்கில் இருந்தவர்கள், பழைய பக்கத்து வீட்டார். பாப்பாவுக்குப் பெயர் தெரிந்த பிள்ளைகள் அதில் பத்துப் பேர் தேறினால் அதிகம். உன்னைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வீட்டு விசேஷங்களில் எல்லாம் நாம் போய்ச் சாப்பிட்டிருக்கிறோம், திருப்பிக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். அதற்காக அந்தக் கணக்கையும் குழந்தையின் விளையாட்டையும் ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டுமா?

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் இரண்டு. இங்கிலீஷ் தேதி ஒன்று, நட்சத்திரம் ஒன்று. பாப்பா ஐப்பசி உத்திரட்டாதி. சந்திரன் இருபத்தேழு நட்சத்திரத்தையும் சுற்றி வர 27 நாளுக்குச் சற்று அதிகமாகிறது. தமிழ் மாதமோ சூரியக் கணக்கில் ஓடுகிறது. அதனால்தான் நட்சத்திரப் பிறந்தநாள் வருஷா வருஷம் இடம் மாறுகிறது. சில வருஷம் ஒரே மாதத்தில் இரண்டு தரம் வந்துவிடும், அப்போது பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அம்மாவிடம் கேள், பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்து ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள்.

அந்த நாளைப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிடு. காலையில் மருந்தீஸ்வரர் கோவிலில் ஒரு அர்ச்சனை. மதியம் வீட்டில் இலைச் சாப்பாடு, சொந்தபந்தமெல்லாம் பந்தி பந்தியாக வந்து போகட்டும். குத்துவிளக்கு ஏற்றி, ஆரத்தி எடுத்து, எல்லார் காலிலும் பாப்பாவை விழவைத்து ஆசீர்வாதம் வாங்கிவிடலாம். மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பதைப் பார்த்து அம்மா முகம் சுருங்குவதும் அன்றைக்கு இருக்காது. வார நாளில் வந்தால் இன்னும் நல்லது. ரிட்டையர் ஆனவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள், ஆபீஸ்காரர்கள் வர மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு நாள் ஆபீஸிலேயே பிரியாணி வாங்கிக் கொடு. அதைத்தான் அவர்களும் விரும்புவார்கள் என்று நினைக்கிறேன்.

தேதிப் பிறந்தநாள் முழுக்கப் பாப்பாவுக்கு. பக்கத்து ஞாயிற்றுக்கிழமை, மதியத் தூக்கம் முடிந்தபின் நாலு மணிக்குத் தொடங்கி ஆறுக்கு முடித்துவிடு. பிள்ளைகளும் அவர்களைக் கூட்டி வருகிற அப்பா அம்மாவும் மட்டும் போதும். மொட்டை மாடியில் ஷாமியானா போடலாம் என்று உன் மனைவி சொன்னாளாம். நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது உங்கள் தெரு எப்படி இருந்தது என்று நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அபார்ட்மெண்ட் அசோசியேஷன் ஹாலை இப்போதே எழுதி வாங்கிவிடு.

தீம் வேண்டுமென்றால் யூனிகார்ன் எதற்கு? பாப்பா இதுவரை யூனிகார்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவளுக்கு உயிர் தண்ணி லாரிதான். மெட்ரோ வாட்டர் லாரி ஹாரன் கேட்டால் சோற்றை விட்டுவிட்டுப் பால்கனிக்கு ஓடுகிறாள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிக்கு நீலப் பெயிண்ட் அடித்து, நாலு சக்கரம் வரைந்து, பின்னால் ஒரு குழாயைச் சொருகிவிடு. பிள்ளைகள் இரண்டு மணி நேரமும் அதற்குள்ளேயே கிடக்கும். மைக் பிடிக்கிறவருக்கு வேலையே இருக்காது. மியூசிக்கல் சேரெல்லாம் இந்த வயசுக்கு வேண்டாம், நாற்காலி போய்விட்டது என்று ஒன்று அழுதால் ஒன்பதும் சேர்ந்து அழும்.

பலூன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாகப் படி. வெடித்த ரப்பர் பலூனின் துண்டு சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் மூச்சே அடைத்துவிடும். பலூன் பாக்கெட்டிலேயே எட்டு வயதுக்குக் கீழே கவனம் என்று எச்சரிக்கை போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. ஊதாத பலூனையும் வாயில் வைக்க விடக் கூடாது. எட்டாத உயரத்தில் கட்டு, வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கு. மேலே பறக்கிற பலூன் என்றால் உள்ளே என்ன வாயு என்று கேள். ஹீலியம் எரியாது, ஆனால் விலை அதிகம். விலை குறைவு என்று ஹைட்ரஜன் அடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அது இருந்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். நுரை ஸ்ப்ரேயும் அப்படித்தான், கேனுக்குள் இருக்கிற வாயு தீப்பிடிக்கக்கூடியது. உன் காலேஜ் நண்பர்கள் யாராவது எடுத்து வந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடு.

அலங்காரத்துக்கு வாடகை கொடுக்காதே. பாரிமுனைக்குப் போ, பந்தர் தெருவும் ஈவினிங் பஜாரும் போதும். காகிதத் தோரணம், தொப்பி எல்லாம் மொத்த விலையில் டஜன் கணக்கில் கிடைக்கும். காரை எடுத்துப் போய் மாட்டிக்கொள்ளாதே, மெட்ரோவில் உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கி நட. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே போய்விடு.

சாப்பாட்டுக்கு மினி இட்லி, கேசரி, தயிர்சாதம், ஒன்றரை கிலோ கேக். முட்டை சாப்பிடாத வீடு எது, எந்தப் பிள்ளைக்கு எது ஒவ்வாது என்று அழைக்கும்போதே கேட்டுக்கொள். வேர்க்கடலையும் பாப்கார்னும் வேண்டாம், நாலு வயதுக்குக் கீழே புரையேறினால் ஆபத்து. திராட்சை வைத்தால் நீளவாக்கில் வெட்டி வை. கேட்டரர் கொட்டேஷனில் ‘டிஸ்போசபிள் பிளேட்’ என்று போட்டிருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும் தெர்மாகோல் தட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பாக்குமட்டைத் தட்டு என்று எழுதியே வாங்கு.

ரிட்டர்ன் கிஃப்ட் என்ற பெயரில் வீட்டுக்குப் போவதற்குள் உடைகிற பொம்மையைக் கொடுக்காதே. நம் சென்னையிலேயே தூலிகா பதிப்பகம் பிள்ளைகளுக்குத் தமிழில் அழகழகான படப் புத்தகங்கள் போடுகிறது. ஆளுக்கு ஒன்று, ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடு. பையை அம்மாக்கள் காய்கறி வாங்க எடுத்துக்கொள்வார்கள்.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றுதானே சொன்னாய்? கொடுக்காதே. நட்சத்திரத்தன்று பருப்புப் பாயசம் நான் செய்து எடுத்து வருகிறேன், அதைக் கேட்டரர் பட்டியலிலிருந்து அடித்துவிடு. வெல்லம் மட்டும் நீ வாங்கி வை, போன தடவை வாங்கினாயே அந்தக் கடையில் வேண்டாம், ஒரே மண்.

அன்புடன்,
அக்கா