பங்குனி வெயில் இருக்கும்போதே செய்யவேண்டிய கரையான் வேலை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் உங்கள் வீடுகளுக்குக் கரையான் மருந்து அடித்துத் தருகிறவர்கள் நாங்கள். வருடா வருடம் எங்களுக்கு அதிகம் போன் வருவது முதல் கோடை மழை பெய்த மறுநாள்தான். "லைட்டைச் சுத்தி ஒரே ஈசல், உடனே வந்து மருந்து அடிங்க" என்பீர்கள். அந்தப் பதற்றம் நியாயமானதே. ஆனால் அன்றைக்கு வந்து நாங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு. உருப்படியான வேலைக்கு ஏற்ற காலம் மண் காய்ந்து கிடக்கும் இந்தப் பங்குனி மாதம். அதை விளக்கமாகச் சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் மருந்து முக்கியமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் அஸ்திவாரத்தைச் சுற்றியுள்ள மண். காய்ந்த மண் மருந்துத் தண்ணீரை நன்றாக இழுத்துக்கொள்ளும். மழையில் ஊறிய மண்ணில் ஊற்றினால் மேலேயே தேங்கி, ஓடி வீணாகும். கட்டடங்களில் கரையான் தடுப்புக்கென்று உள்ள இந்தியத் தர விதி ஐ.எஸ். 6313. மழை பெய்யும்போதோ மண் நனைந்திருக்கும்போதோ இந்த வேலையைச் செய்யக்கூடாது என்று அதிலேயே இருக்கிறது. மழைக்குப் பிறகு கூப்பிட்டால் "ஒரு வாரம் பொறுங்கள்" என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

அப்புறம், ஈசல் மரத்தைத் தின்பதில்லை. இணை தேடிப் புற்றைவிட்டுப் பறந்து வரும் கரையான்கள் அவை. கொஞ்ச நேரம் பறந்து, இறக்கையை உதிர்த்துவிட்டு, ஜோடியாக ஈர மண்ணில் இடம் தேடும். பெரும்பாலானவை பல்லிக்கும் காக்கைக்கும் எறும்புக்கும் இரையாகிவிடும். வெளியிலிருந்து விளக்குக்கு வந்தவை என்றால் விளக்கை அணைத்துவிட்டு, காலையில் கூட்டித் தள்ளுங்கள், போதும். கவலைப்பட வேண்டியது வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பினால்தான். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்து, தரை விரிசல், சுவிட்ச் பெட்டி, இப்படி ஓர் இடத்திலிருந்து ஈசல் புறப்பட்டிருந்தால் அங்கே ஏற்கெனவே பெரிய கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். ஈசலை அனுப்பும் அளவுக்கு ஒரு கூட்டம் வளரச் சில வருடங்கள் ஆகும். அது எந்த இடம் என்று பார்த்து, முடிந்தால் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

கரையானின் தோல் மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து செத்துப்போகும். அதனால்தான் மண்ணால் குழாய் மாதிரிப் பாதை கட்டி, அதற்குள்ளேயே ஈரத்தோடு நடக்கிறது. வீட்டுச் சுவரில் நீங்கள் தேட வேண்டியதும் இந்த மண் தடத்தைத்தான். அஸ்திவாரத்தின் வெளி ஓரம், படிக்கட்டுக்கு அடி, குளியலறைக்கு அடுத்த சுவர், சாமான் அறையில் பெட்டிகளுக்குப் பின்னால் என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தடம் கண்ணில் பட்டால் தயவுசெய்து முழுவதையும் துடைத்துவிடாதீர்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. அடைக்காமல் விட்டிருந்தாலும் போய்விட்டது என்று நம்பிவிட வேண்டாம், வேறு வழியில் ஏறியிருக்கலாம்.

கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயையோ மண்ணெண்ணெயையோ தடத்தின் மேல் அடிக்கிறவர்கள் நிறைய. மேலே பட்டவை சாகும். கூட்டமோ பத்தடி தள்ளி வேறு சந்து வழியாக ஏறும். ஒரு மில்லிமீட்டர் விரிசலே அதற்குப் போதும். பிறகு நாங்கள் வந்தால் பாதை எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும் பாடாகிவிடுகிறது. மரத்திலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டினால் அது பெரும்பாலும் மரத்தை உளுக்கவைக்கும் வண்டின் வேலை. அதற்கு மருந்தும் வேறு, வேலையும் வேறு. கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள்.

பழைய வீட்டுக்காரர்கள் பலர், "எங்கள் வீடு பர்மா தேக்கு, கரையான் தொடாது" என்று நம்பிக்கையோடு சொல்வார்கள். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் லேசில் தொடாது என்பது உண்மைதான். ஆனால் தேக்கிலும் வெளிப்புற வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பலம் கிடையாது. பின்னால் பழுது பார்த்தபோது செருகிய மரம், பரணில் அடித்த பலகை, மாடி அறையில் போட்ட ப்ளைவுட் அலமாரி இவை எதுவும் பர்மாவிலிருந்து வந்தவை அல்ல. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவர் வயதாக ஆக உள்ளே இளகிவிடுவதுண்டு, கரையான் ஏற அது நல்ல வழி. நிலையைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் பொத்தென்று ஒலித்தால் உள்ளே வெறுமையாக இருக்கலாம். ஐயாக்கள் காலத்துக் கணக்குப் புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் மரப்பெட்டியில் தரையோடு ஒட்டிக் கிடந்தால் இந்த வாரமே எடுத்துச் செங்கல்மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கதவை மாற்றிவிடலாம், அவற்றை எங்கே போய் வாங்குவது?

வேலை எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறோம். தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் ஏறக்குறைய அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்துத் தண்ணீர் இறக்கி, சிமென்ட் வைத்து அடைப்போம். வெளிப்புறமும் இதேபோல். நிலை, ஜன்னல் சட்டம் சுவரோடு சேரும் இடங்களில் சிறு துளை போட்டு மருந்து செலுத்துவோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நாங்கள் துளை போடுவதில்லை. ஒரு கல் உடைந்தாலும் அதே வயதும் நிறமும் உள்ள ஜோடி கிடைக்காது. அங்கே வெளிச்சுவரின் அடியிலிருந்து சாய்வாகத் துளைத்து மருந்தை உள்ளே அனுப்புகிறோம். நேரம் கூடுதல்தான், ஆனால் தரை அப்படியே இருக்கும்.

"மருந்து வாசமே இல்லையே, தண்ணியை அடிச்சுட்டுப் போறீகளா?" என்று சில ஆச்சிமார் கேட்பதுண்டு. முன்பு பரவலாக அடித்த குளோர்பைரிபாஸுக்குக் காட்டமான வாடை உண்டு. இப்போது நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது இமிடாகுளோபிரிட். 30.5 சதவீத மருந்தைத் தண்ணீரில் கலந்து 0.075 சதவீதமாக்கி அடிக்கிறோம். இதில் அந்த வாடை இராது. மண்ணில் மருந்து இருப்பதைக் கரையான் உணராமல் நடந்து, ஒன்றுக்கொன்று ஊட்டியும் நக்கியும் கூட்டத்துக்குள் கொண்டுபோகும். அதனால் பலன் தெரியக் கொஞ்ச நாள் ஆகும், மறுநாளே குவியலாகச் செத்துக் கிடக்காது. சந்தேகம் இருந்தால் பாட்டிலின் முத்திரையை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், அளவைக் கூடவே நின்று பாருங்கள். அது உங்கள் உரிமை. பழைய ஆல்ட்ரின் டப்பா எங்காவது கிடந்தால் அதை மட்டும் தொடாதீர்கள். தடை செய்யப்பட்ட மருந்து அது, மண்ணில் பல வருடம் அழியாமல் கிடக்கும்.

கிணறு, தரைத்தொட்டி, பக்கத்து ஊரணி எதுவாக இருந்தாலும் முதலிலேயே காட்டிவிடுங்கள். இந்த மருந்துகள் தண்ணீரில் கலக்கக்கூடாது. பைஃபென்த்ரின் போன்ற கரையான் மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். கிணற்றை ஒட்டிய சுவருக்கு மருந்து வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். வேலை முடிந்து தரை காயும்வரை குழந்தைகளும் நாய் பூனையும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து அடித்த பிறகு குழாய் போடவோ தரை மாற்றவோ மண்ணைத் தோண்டினால் அந்த இடத்தில் தடுப்பு அறுந்துபோகும். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி மருந்து கொடுத்துவிடலாம். ஏ.சி. தண்ணீர் சுவரோரம் சொட்டுவதையும், பூந்தொட்டிகளையும் விறகையும் சுவரை ஒட்டி வைப்பதையும் மாற்றினால் பாதித் தொல்லை குறையும்.

கடைசியாக, சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு இங்கே வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு. ஆள் புழங்காத வீட்டில்தான் கரையான் யார் கண்ணிலும் படாமல் வேலை செய்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும், கரண்ட் இணைப்பு இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், துளை போடும் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் எல்லா அறைகளையும் திறந்து தரச் சொல்லுங்கள், சாமி அறையும் இரட்டைப் பூட்டுப் போட்ட அறையும் உட்பட. ஒவ்வொரு அறையிலும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அன்று மாலையே உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கரையான் தடுப்பு நிலையத்தார்,
காரைக்குடி