மீன் மூட்டைக்குள் கோழி: நாய்த்தீனி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் நாய்த்தீனி இறக்குமதி செய்பவர்களுக்கும் கடை வைத்து விற்பவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் நிறையப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. மகள் இதை ஆங்கிலத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், நானே கடை கடையாகக் கொடுத்துவிடுவேன். தேக்கா ஈரச்சந்தையில் பார்க்கும்போதெல்லாம் "உங்க நாய்க்கு என்னக்கா போடுறீங்க?" என்று கேட்கிறார்களே, அவர்களுக்காகத்தான் முதலில் தமிழில்.

எங்கள் பொம்மி ஷிட்சு என்ற குட்டி இன நாய், 5 கிலோ. வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் பொதுவாக அனுமதித்த சிறிய இனமாக இருக்க வேண்டும். அதனால் என்னைப் போல் குட்டி நாய்க்காரர்கள் உங்கள் கடைக்கு நிறையவே வருகிறோம்.

போன வருடம் பொம்மி ராத்திரி முழுக்கப் பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தது. விரலிடுக்கெல்லாம் சிவந்து, வெள்ளை முடி துருப்பிடித்த நிறமாகிவிட்டது. கோழி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று மருத்துவருக்குச் சந்தேகம். நாய்களுக்கு உணவால் வரும் ஒவ்வாமையில் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை இவைதான் முன்னால் நிற்குமாம். மீனாலும் வரும், ஆனால் குறைவு. பொம்மி அதுவரை மீனைத் தொட்டதே இல்லை என்பதால், எட்டு வாரம் மீன் தீனி மட்டும், பிஸ்கட்கூடக் கூடாது என்றார்.

முன்பக்கம் பெரிய சால்மன் படம் போட்ட மூட்டையை வாங்கிவந்தேன். ஐந்தாவது வாரமும் நக்குவது நிற்கவில்லை. ஒரு நாள் மூட்டையைத் திருப்பிப் பார்த்தால், பொருள் பட்டியலின் மேலேயே விலை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டி எடுத்தேன். சால்மன், அரிசி, மூன்றாவதாகக் கோழி மாவு! ஐந்து வாரமும் வீண். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

கடையில் கேட்டதற்கு, "பேர்ல சால்மன் இருக்கே ஆன்ட்டி" என்றார் அந்தப் பையன். பாவம், அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அமெரிக்க முறையில் பெயர் வைக்கும் தீனியில் 'வித் சால்மன்' என்று போட 3 சதவீதம் சால்மன் போதும். 'டின்னர்', 'ஃபார்முலா' என்றால் 25. 'ஃப்ளேவர்' என்றால் அளவே கிடையாது, ருசி தட்டினால் போதும். மீதி என்ன இறைச்சி என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும். அங்கேதான் நீங்கள் ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள்.

இன்னொன்று, மூட்டையின் அளவு. பொம்மி ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் தின்னும். 12 கிலோ மூட்டை நான்கு மாதம் வரும். மீன் தீனியின் அருமையே அந்த எண்ணெயில்தான், ஒமேகா 3 தோலுக்கு நல்லது. ஆனால் சீக்கிரம் கெடுவதும் அதுவேதான். காற்றுப் பட்டால் காறிவிடும். ஈரப்பதம் சராசரியே 80 சதவீதத்தைத் தாண்டும் ஊரில், பிரித்த மூட்டையை ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறார்கள். நான் மூக்கால் பார்ப்பேன், பழைய பெயின்ட் டப்பா வாசம் வந்தால் நேரே குப்பைக்குத்தான். அப்படியிருக்க, பெரிய மூட்டைக்குத்தான் தள்ளுபடி, 2 கிலோ பைக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய இரட்டை விலை. யாருக்காக இந்தத் தள்ளுபடி? லாப்ரடார் வைத்திருப்பவர் தரைவீட்டில் இருக்கிறார். எனக்கு மூட்டையை வைக்கவே இடம் இல்லை.

"நெத்திலி போட்டால் போதாதா" என்று கேட்பவர்களுக்கு: கடையில் விற்கும் காய்ந்த நெத்திலியில் உப்பு அதிகம். நான் மத்தியை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, வாரம் ஒரு துண்டு தருகிறேன். அது தொட்டுக்கொள்ளத்தான், சாப்பாடு ஆகாது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. ஸ்டிக்கரை முன்பக்கம் ஒட்டுங்கள், சால்மன் படத்தின் மேல் ஒட்டினாலும் சரி. கோழி கலந்த மீன் தீனியைத் தனி அலமாரித் தட்டில் வையுங்கள். மீன் தீனியில் 2 கிலோ பைக்கும் நியாயமான விலை போடுங்கள்.

பொம்மியின் பை அடுத்த வாரம் தீர்ந்துவிடும். சனிக்கிழமை கடைக்கு வருவேன், நகத்தை வெட்டாமல்.

இப்படிக்கு,
பொம்மியின் அம்மா, ஈசூன்