செயலாளரின் ஆண்டறிக்கை: ஷொலெனென் மலையிடுக்கும் சாத்தான் பாலமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிருவாகசபை உறுப்பினர்களே, சங்க அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாம் வாழும் நிலத்தின் வரலாற்றையும் எமது பிள்ளைகள் தாய்மொழியில் அறிய வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் எடுத்த தீர்மானத்திற்கு அமைய, சுவிற்சர்லாந்தின் ஊரி மாநிலத்தில் கோஷெனென், அண்டர்மாற் என்ற ஊர்களுக்கு இடையே ரொய்ஸ் ஆறு குடைந்து செல்லும் ஷொலெனென் மலையிடுக்கும், அதைக் கடக்கும் சாத்தான் பாலமும் இவ்வாண்டின் ஆய்வுப் பொருளாக அமைந்தன. வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார் என்பதால், எனது அறிக்கையை இந்தப் பணியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பாலத்தின் கதையை அறியாத பிள்ளைகள் இங்கு இல்லை. மனிதரால் கட்ட முடியாத பாலத்தைச் சாத்தான் கட்டிக்கொடுத்து, முதலில் கடக்கும் உயிரைக் கூலியாகக் கேட்டான் என்பதும், ஊரி மக்கள் ஓர் ஆட்டுக்கடாவை ஓட்டிவிட்டு அவனை ஏய்த்தார்கள் என்பதும், சினத்தில் அவன் தூக்கிவந்த பாறை கோஷெனென் அருகே விழுந்தது என்பதும் அந்தக் கதை. ஏறத்தாழ 220 தொன் எடையுள்ள அந்தப் பாறையை, நெடுஞ்சாலைப் பணிக்காக 1977இல் 127 மீற்றர் தள்ளி நகர்த்தி வைத்தார்கள். கதை இனிமையானதுதான். ஆனால் அது சாத்தானுக்கு வழங்கும் பெருமை உண்மையில் யாருக்குரியது என்பதே இவ்வாண்டு முழுவதும் எமது கருத்தரங்குகளில் மையமாக நின்ற கேள்வி.

அதற்கான விடை கற்பாலத்துக்கு முன்பே தொடங்குகிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்த இடுக்கின் வழியே பாதை இல்லை. அண்டர்மாற் அமைந்துள்ள உர்செரென் பள்ளத்தாக்குக்குச் செல்வோர் மலைமேல் ஏறிச் சுற்றிப் போனார்கள். 1220ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆற்றின் மேல் மரப்பாலம் ஒன்றும், ஆற்றில் அதற்குச் சற்று மேலே செங்குத்துப் பாறையை ஒட்டி ஏறத்தாழ 60 மீற்றர் நீளத்துக்குப் பலகை நடைபாதை ஒன்றும் அமைக்கப்பட்டன. என் மதிப்பீட்டில், பாலத்தைவிடத் துணிச்சலான வேலை இந்த நடைபாதைதான். காலடியில் ஆறு கொந்தளிக்க, தூவானம் ஓயாமல் நனைக்கும் அந்தக் குறுக்கு மரங்களின் மேல் பொதிக்குதிரைகளையும் மாடுகளையும் நடத்திச் சென்றார்கள். சுவிற்சர்லாந்தின் தென்மேற்கிலுள்ள வாலிஸ் பகுதியிலிருந்து வந்து உர்செரெனில் குடியேறிய, மலைச்சரிவில் நீர்க்கால் கட்டிப் பழகிய மக்களின் கைத்திறனே இதற்குப் பின்னால் இருந்தது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. இந்த வழி அல்ப்ஸ் மலைகளைக் கடந்து தெற்கே செல்லும் கொத்தார்ட் கணவாயின் உச்சியில் உள்ள சிற்றாலயம் 1230இல் அர்ச்சிக்கப்பட்டதும், ஊரி மக்களை ஹப்ஸ்பேர்க் என்ற பிரபுக் குடும்பத்திடமிருந்து மீட்டுப் புனித உரோமைப் பேரரசின் நேரடிப் பாதுகாப்பில் வைக்கும் சாசனம் 1231இல் வழங்கப்பட்டதும், இந்த வழி திறந்த பின்னர் கணவாய்க்கு வந்த மதிப்பைக் காட்டுகின்றன.

மரப்பாலம் இருந்த இடத்தில் 1595இல் கல் வளைவு எழுந்தது. பாதையின் ஒவ்வொரு பகுதியையும் அந்தந்த ஊரின் பொதிகாரர் சங்கங்கள், அதாவது பொதிவிலங்குகளில் சரக்கு ஏற்றிச் செல்வோரின் சங்கங்கள், பேணின. கடந்து செல்லும் சரக்குக்கு வரி வாங்கி, அதைக் கொண்டு பனி அகற்றி, பலகை மாற்றி, கல் செப்பனிட்டன. வெள்ளமும் பனிச்சரிவும் சிதைத்துக்கொண்டே இருந்த பலகை நடைபாதைக்குப் பதிலாக, பியெத்ரோ மொரெத்தினி என்ற கட்டுநர் 1707 – 1708இல் பாறையைக் குடைந்து 64 மீற்றர் சுரங்கம் அமைத்தார். அல்ப்ஸ் மலைகளின் முதலாவது வீதிச் சுரங்கம் அதுவே.

1799 செப்டெம்பர் 25இல் நடந்த போரை விரிக்க இங்கு இடமில்லை. பிரெஞ்சுப் படை பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்க்க, தளபதி சுவோரொவின் ரஷ்யப் படைவீரர் மரங்களைப் பிணைத்துக் கடந்தனர். பாறையில் குடையப்பட்ட பெருஞ்சிலுவை அவர்களின் நினைவுச்சின்னம். வருவோர் எல்லோரும் படமெடுப்பது அதன் முன்னால்தான்.

எமது கோடைகாலப் பயணத்தில் அங்கத்தவர்களை நான் அழைத்துச் சென்று நிறுத்திய இடம் வேறு. இன்று நடந்து கடக்கும் கருங்கற்பாலம் கார்ல் எமானுவேல் முல்லர் என்ற பொறியியலாளரின் பணியில் 1830இல் முடிந்தது. அதன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தால், ஈரப் பாறையோடு ஒட்டிய பழைய கல் அடுக்கு ஒன்று தெரியும். 1595இன் பாலத்தில் எஞ்சியது அந்த அடித்தளமே. ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். வெள்ளத்தையும் போரையும் தாங்கி 235 ஆண்டுகள் பயன்பட்ட பாலம், புதியது வந்து கவனிப்பு நின்ற பின் 58 ஆண்டுகளே நின்றது. 1888 ஓகஸ்ட் 2ஆம் நாள் இடிந்து ஆற்றில் விழுந்தது. அது அத்தனை காலம் நிலைத்தது அதைப் பேணியவர்களால் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. பெயர் தெரியாத அந்தப் பொதிகாரர்களுக்கும் கல்தச்சர்களுக்கும் அங்கே ஒரு சொல்லாவது பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

தமிழ்ப் பாடசாலையில் இக்கதையை ஆசிரியர்கள் சாத்தானோடு தொடங்கி, பொதிகாரர்களோடு முடித்தார்கள். மூத்த மாணவர் வரைந்த பாதை வரைபடம் எமது நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. 1595, 1830 ஆகிய ஆண்டுகளின் பாலங்களையும், இன்று வாகனங்கள் செல்லும் 20ஆம் நூற்றாண்டுப் பாலத்தையும் ஒருங்கே விளக்கும் தமிழ்க் கையேடு ஒன்றின் வரைவு தயாராக உள்ளது. அதை அச்சிட அங்கீகாரம் தருமாறும், அடுத்த ஆண்டு கொத்தார்ட் புகையிரதச் சுரங்கத்தைக் குடைந்த இத்தாலியத் தொழிலாளரின் வாழ்வை ஆய்வுப் பொருளாக ஏற்குமாறும் இப்பொதுக்கூட்டத்தைக் கேட்டு, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்