வெளியே 40 டிகிரி என்றால் பெட்டிக்குள் எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைப் பயணத்துக்கு எடுத்துப் போகும் பொருட்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். காரில் வைத்துக்கொள்ளும் மின்சார ஃபிரிட்ஜ்களை வரிசையாகப் போட்டு, எது எத்தனை லிட்டர், என்ன விலை, எத்தனை பாட்டில் கொள்ளும் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். ஆனால் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதில் இல்லை. வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது பெட்டிக்குள் எத்தனை டிகிரி இருக்கும்? லிட்டரும் விலையும் அதற்கு அப்புறம்தான்.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். வேலையில் இருந்த காலமெல்லாம் தடுப்பூசி கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கன்வாடி அங்கன்வாடியாகப் போய் வந்திருக்கிறேன். குளிர் என்றால் எங்களுக்கு 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி வரை. அதற்கு மேலே ஏறினாலும் மருந்து வீண், கீழே இறங்கி உறைந்தாலும் பல மருந்துகள் வீண். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிகளை வைக்கும், ஐ.எல்.ஆர். என்று நாங்கள் சொல்லும் குளிர்ப்பெட்டிக்குள் தெர்மாமீட்டர் இருக்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி எதுவும் கணக்கில்லை. அதனால் குளிர்ப்பெட்டி என்று யார் எதைக் காட்டினாலும், உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

என் வீட்டுக்காரருக்கு இன்சுலின். மகன் குடும்பம் ஹைதராபாத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறினால் நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, அனந்தபூர், கர்னூல் என்று கடைசி வரை அதே சாலைதான். வழியில் ஒரு ராத்திரி தங்கித்தான் போவோம். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் நாங்கள் கிளம்புவதும் கத்திரி வெயிலில்தான். 'சதமடித்த ஊர்கள்' என்று நீங்கள் போடும் பட்டியலில் அடிக்கடி வரும் கரூர் பரமத்தி எங்களுக்குப் பக்கத்து ஊர். நீங்கள் 105 என்று ஃபாரன்ஹீட்டில் போடும் வெயில், இந்தப் பெட்டிகள் பேசும் செல்சியஸ் கணக்கில் 40க்கு மேலே. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே அதைவிட இன்னும் அதிகம்.

கடையில் 'கார் ஃபிரிட்ஜ்' என்று விற்பதில் இரண்டு வகை இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஒன்று பெல்டியர் வகை. இரண்டு வேறு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும் என்பதை 1834இல் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். அதை வைத்துச் செய்த சின்னத் தகடு ஒன்று, இரண்டு பக்கமும் ஃபேன், உள்ளே இருப்பது அவ்வளவுதான். எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் வெளியே இருக்கும் வெப்பத்திலிருந்து சுமார் 15, மிஞ்சிப் போனால் 20 டிகிரிதான் அதனால் குறைக்க முடியும். ஊட்டியில் வெளியே 20 டிகிரி இருக்கும்போது பால் கெடாமல் இருக்கும். எங்கள் ஊரில் 40 இருக்கும்போது உள்ளே 20, 25. அந்தச் சூட்டில் பால் நிற்காது.

மற்றது கம்ப்ரசர் வகை. வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் அதே ஏற்பாடு, கார் பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடும்படி சிறிதாகச் செய்தது. வெளியே என்ன வெயில் அடித்தாலும் நாம் வைத்த டிகிரிக்கு இறங்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகும். விலை மூன்று நான்கு மடங்கு, எடையும் பத்துப் பன்னிரண்டு கிலோ.

இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர் சொல்வதில்லை. எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு கடையில் பெட்டி வாங்கி வந்தார். 'ஐஸ் மாதிரி ஆக்கிவிடும்' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். நண்பர்களோடு கொல்லிமலையில் டென்ட் போட்டுத் தங்கப் போகிறோம், மசாலா தடவிய கோழியும் மீனும் இதில் எடுத்துப் போகிறோம் என்றார். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் தயிரும் தண்ணீர் பாட்டிலும் வைத்து, காலையிலிருந்து ஓடவிட்டு, மதியம் இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்தோம். வேப்ப மரத்து நிழலில் வெளியே 39. பெட்டிக்குள் முள் 21இல் நின்றது. தயிர்க் கிண்ணத்தின் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து புளிப்பு வாடை அடித்தது. ஃபேன் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், அடிப்பக்கம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், 'சுற்றுப்புற வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி குறைவு' என்று போட்டிருந்தது. உண்மையைத்தான் அச்சடித்திருக்கிறார்கள், ஆனால் யார் கண்ணிலும் படாத இடத்தில்.

சமைக்காத கோழியை 21 டிகிரியில் அரை நாள் வைத்துக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று ஒரு செவிலியருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழே, சூடான உணவு 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். நடுவில் இருக்கும் சூட்டில்தான் கிருமி பெருகும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன இடத்தில் ராத்திரி நாலு பேருக்கு வாந்தி பேதி ஆனால் எங்கே போவது? தம்பியிடம் சொன்னேன்: இந்தப் பெட்டியை வீட்டில் வை, கெட்டியான சாதாரண ஐஸ் பெட்டியில் நிறைய ஐஸ் போட்டுக் கறியை மூடி எடுத்துப் போ. அப்படியே செய்தார்கள்.

ஆமாம், ஒரு நாள் பயணத்துக்கு ஐஸ் பெட்டியே போதும் என்பதுதான் என் கருத்து. நாங்கள் தடுப்பூசி கொண்டுபோனதும் கரண்ட் இல்லாத பெட்டியில்தான். நாலு பக்கமும் நாலு ஐஸ் பேக், நடுவில் மருந்து, இறுக்கமான மூடி, அடிக்கடி திறக்காத கை. காலையில் போட்டால் சாயங்காலம் வரை தாங்கும். இரண்டு மூன்று நாள் ஊர் ஊராகப் போகிறவர்கள், மருந்து வைத்திருப்பவர்கள், கைக்குழந்தைக்குப் பால் எடுத்துப் போகிறவர்கள், இவர்களுக்குத்தான் கம்ப்ரசர் பெட்டிக்குச் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. கணவன் மனைவி இரண்டு பேருக்கு 15, 20 லிட்டர் தாராளம். நாலைந்து பேர் என்றால் 35 லிட்டர் பார்க்கலாம். பக்கவாட்டில் கதவு இருப்பதைவிட மேலே மூடி திறப்பதை வாங்குங்கள். குளிர்காற்று கனமானது, கீழேயே தங்கும். ஐ.எல்.ஆர். பெட்டிக்கு மேலே மூடி வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம்.

வெளிநாடுகளில் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் உண்டு. நெருப்பின் சூட்டில் அம்மோனியாவை ஓடவிட்டுக் குளிர்விக்கும் பழைய முறை. கேரவன் வண்டிகளில், வெளியே காற்றுப்போக்கி வைத்துப் பொருத்துவார்கள். நம் கார், வேன்களுக்குள் அது வேண்டவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது.

அடுத்து பேட்டரி. என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் எலக்ட்ரீசியனாக இருந்தவர், இந்தக் கணக்கு அவர் போட்டுக் கொடுத்தது. கம்ப்ரசர் ஓடும்போது 50 வாட் என்று வையுங்கள், 12 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர். வெயில் நாளில் பாதி நேரம் ஓடி பாதி நேரம் நின்றால் சராசரி 2 ஆம்பியர். ராத்திரி பத்து மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பெட்டியை ஓடவிட்டால் 20 ஆம்பியர் மணி. சின்ன கார்களின் பேட்டரியே 35, 40 ஆம்பியர் மணிதான். பாதி காலி. ஸ்டார்ட் செய்வதற்கென்று வரும் பேட்டரியை அடிக்கடி அவ்வளவு இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும். நல்ல பெட்டிகளில் பேட்டரி இறங்கினால் தானாக நின்றுவிடும் ஏற்பாடு இருக்கிறது, மூன்று நிலைகளில். கார் பேட்டரியில் மாட்டினால், கொஞ்சம் இறங்கியதுமே நின்றுவிடும் உயர்ந்த நிலையில் வைக்க வேண்டும். தனி பேட்டரி வைத்திருந்தால் தாழ்ந்த நிலை போதும். அந்த ஏற்பாடு இல்லாத பெட்டியைத் தொடவே கூடாது என்பது அவர் சொல்.

பல கார்களில் சாவியைத் திருப்பி நிறுத்தியதும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் நின்றுவிடும். அதனால் பயமில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இறங்கினால், மூடியைத் திறக்காத வரை உள்ளே குளிர் அப்படியே நிற்கும். ராத்திரி லாட்ஜில் அறைக்கே தூக்கிப் போய் சுவர் பிளக்கில் மாட்டிவிடுகிறோம். அதனால் 230 வோல்ட் அடாப்டர் கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள், சிலர் அதற்குத் தனி விலை போடுகிறார்கள். டிக்கி வரை நீட்ட மெல்லிய ஒயரைச் சேர்க்காதீர்கள். வழியிலேயே வோல்ட்டேஜ் விழுந்து, பேட்டரி நன்றாக இருக்கும்போதே பெட்டி நின்றுவிடும், ஒயரும் சூடாகும்.

கிளம்புவதற்கு முந்தின இரவே வீட்டுக் கரண்டில் போட்டு, வைக்கும் பொருளையும் வீட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்து எடுத்து வையுங்கள். சூடான பாட்டிலைப் போட்டுக் காரில் குளிரவைக்க நினைத்தால் பாதி வழி போன பிறகும் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். அதன் காற்றுத் துளைகளை மூட்டை முடிச்சு வைத்து அடைக்காதீர்கள். பெல்ட் போட்டுக் கட்டவும் மறக்காதீர்கள். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது லாரிக்குப் பின்னால் பிரேக் அடித்தால், கட்டாத பன்னிரண்டு கிலோ பெட்டி முன்னால் இருப்பவர் முதுகில்தான் வந்து விழும்.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கம்ப்ரசர் பெட்டியில் பயம் சூடு இல்லை, உறைதல். நிறையக் குளிரட்டும் என்று பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மருந்தைச் சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். எங்கள் வேலையில் குலுக்கிப் பார்க்கும் சோதனை என்று ஒன்று உண்டு. உறைந்து இளகிய முத்தடுப்பு மருந்துக் குப்பியைக் குலுக்கி வைத்தால் திப்பி திப்பியாகி, நல்ல குப்பியைவிட வேகமாக அடியில் படியும். பார்த்ததும் ஒதுக்கிவிடுவோம். தெளிவாக இருக்கும் இன்சுலினில் உறைந்த அடையாளம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். ஊசி போட்டும் சர்க்கரை இறங்காத பிறகுதான் தெரியும். அதனால் 5 டிகிரியில் வையுங்கள். மருந்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, துணி சுற்றி, சுவரிலும் ஐஸ் பேக்கிலும் படாமல் வையுங்கள். பல பெட்டிகளில் கம்ப்ரசருக்கு மேலே படி மாதிரி ஒரு மேடு இருக்கும், அந்த இடம் அடிப்பகுதியைவிடக் கொஞ்சம் குளிர் குறைவு. நான் வைப்பது அங்கேதான். ஒரு தடவை உறைந்த இன்சுலினைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது.

முதலில் தடுப்பூசிக்குச் சொன்ன அதே 2 முதல் 8 டிகிரிதான் திறக்காத இன்சுலினுக்கும். போட ஆரம்பித்த பேனாவோ குப்பியோ, பல வகைகளில் 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் நாலு வாரம் வரை இருக்கலாம். உங்கள் மருந்தோடு வரும் தாளில் எத்தனை நாள், எத்தனை டிகிரி என்று போட்டிருக்கும், மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பேனாவுக்கு மட்டும் என்றால், விலை குறைந்த பெல்டியர் பெட்டியே போதும், 40ஐ 25க்குள் கொண்டுவந்துவிடும். ஆகவே அது மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைச் சொல்லாமல் விற்பதைத்தான் தப்பு என்கிறேன். பெல்டியரா கம்ப்ரசரா என்பதையும், 40 டிகிரி வெயிலில் உள்ளே எத்தனை டிகிரி என்பதையும் அட்டையின் முகப்பில் பெரிய எழுத்தில் தமிழில் போட வேண்டும் என்று அரசு உத்தரவு போடட்டும். அதுவரை வாங்குகிறவர்கள் கடையில் நின்று இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்தப் பெட்டிகளைப் பற்றி எழுதும்போது, ஒவ்வொன்றிலும் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டு, மே மாத மதியம் இரண்டு மணிக்கு நம் ஊர்ச் சாலையில் ஓடும் காரில் வைத்துப் பார்த்து, அந்த டிகிரியையும் விலைக்குப் பக்கத்தில் போடுங்கள். தெர்மாமீட்டர் வேண்டுமென்றால் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
அரவக்குறிச்சி வட்டம், கரூர் மாவட்டம்.