அணிக்கோவையில் தொடங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேரியல் இயற்கணிதத்தைத் தாமாகவே படிக்க விரும்புவோருக்குத் தங்கள் கல்விப் பக்கம் வெளியிட்ட வழிகாட்டியின் நடை எளிமையாக இருந்தது. பாட வரிசையில்தான் எனக்கு உடன்பாடில்லை. அதில் உள்ளபடி அணிக்கோவை (சதுர அணியிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண்), நேர்மாறு (அணியின் செயலைத் திருப்பும் அணி), கிராமர் விதி (அணிக்கோவைகளால் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறை) என்று தொடங்கினால், பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்ட பிறகும் அணி, அதாவது எண்களைக் கட்டமாக அடுக்கிய அமைப்பு, என்ன வேலை செய்கிறது என்பது பிடிபடாது. கணக்கிடவும் அது நல்ல வழியல்ல. 10 நிரை (கிடை வரிசை), 10 நிரல் (செங்குத்து வரிசை) கொண்ட அணிக்கோவையை முழுவதும் விரித்தால் 36,28,800 உறுப்புகள் வரும். மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கும் நீக்கல் முறையில் பெருக்கலும் வகுத்தலும் சேர்ந்து 340ஐத் தாண்டாது.

முதல் பாடம் நிரல்களைப் பற்றியதாக இருக்கட்டும். x + 2y = 5, 3x + 4y = 11 என்ற சமன்பாடுகளை இரண்டு கோடுகளாக வரைந்து வெட்டும் புள்ளியைக் காண்பது பள்ளியிலேயே தெரிந்ததுதான். அதையே நிரல்வழியாகப் பாருங்கள்: (1, 3), (2, 4) ஆகிய வெக்டர்களை எத்தனை மடங்கு எடுத்துக் கூட்டினால் (5, 11) கிடைக்கும்? முதலாவது 1 மடங்கு, அடுத்தது 2 மடங்கு. இப்போது இரண்டாம் நிரலை (2, 6) என்று மாற்றுங்கள். அது (1, 3)இன் இரு மடங்கு. எதை எவ்வளவு கூட்டினாலும் ஒரே கோட்டில்தான் நிற்போம். வலப்பக்கம் (5, 15) என்றால் அது அக்கோட்டில் உள்ளது, தீர்வுகள் எண்ணற்றவை. (5, 11) கோட்டுக்கு வெளியே இருப்பதால் தீர்வே கிடையாது. அணித்தரம் (ஒன்றையொன்று சாராத நிரல்களின் எண்ணிக்கை), நேரியல் சார்பு (ஒரு வெக்டரை மற்றவற்றின் மடங்குகளைக் கூட்டிப் பெற முடிவது), உள்வெளி (வெக்டர்களின் மடங்குகளைக் கூட்டி எட்டும் இடம்) எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது நீக்கல் முறை. ஜெர்மன் கணிதர் காஸ் பெயரால் வழங்கினாலும், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே சீனக் கணிதர்கள் எண்ணும் குச்சிகளை அடுக்கி இதைச் செய்தார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன கணக்கில் இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் 3 மடங்கைக் கழித்தால் −2y = −4; y = 2, பிறகு x = 1. வகுக்க வேண்டிய இடத்தில் பூச்சியம் வந்தால், கீழே அதே நிரலில் பூச்சியமல்லாத எண் உள்ள நிரையோடு இடம் மாற்றினால் போதும். வலப்பக்க எண்ணைக் கழிக்க மறப்பதுதான் இங்கே அடிக்கடி நேரும் பிழை.

இதைவிட ஆழமான பிழை ஒன்று உண்டு. வழிகாட்டி அதைத் தொடவே இல்லை. நிரைச் செயல்கள் (நிரைகளை இடம் மாற்றுதல், ஒன்றின் மடங்கை மற்றொன்றிலிருந்து கழித்தல் போன்றவை) தீர்வுகளைக் காப்பாற்றும், மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுவதில்லை. (1, 2), (3, 6) என்ற நிரைகள் கொண்ட அணியைச் சுருக்கினால் (1, 2), (0, 0) ஆகும். முதல் அணியின் நிரல்கள் (1, 3)இன் திசையில் இருந்தன. சுருக்கிய அணியில் (1, 0)இன் திசைக்குப் போய்விட்டன. ஆகவே மூல நிரல்கள் எட்டும் இடத்தைக் குறிக்க எந்தெந்த நிரல்கள் வேண்டும் என்பதைச் சுருக்கிய அணியில் பார்த்துக்கொண்டு, நிரல்களை மூல அணியிலிருந்தே எடுக்க வேண்டும்.

அணியால் பெருக்கியும் அதே கோட்டில் நிற்கும் வெக்டர் ஐகன் வெக்டர்; அது எத்தனை மடங்காகிறது என்பதே ஐகன் மதிப்பு. இதிலும் இதே வழுக்கல்தான். (2, 1), (1, 2) என்ற நிரைகள் கொண்ட அணி, (1, 1)ஐ (3, 3) ஆக்குகிறது. (1, −1)ஐ அப்படியே விடுகிறது. ஐகன் மதிப்புகள் 3, 1. கணக்கை எளிதாக்க எண்ணி முதலிலேயே நிரை நீக்கம் செய்தால் (2, 1), (0, 1.5) கிடைக்கும், அதன் ஐகன் மதிப்புகள் 2, 1.5. பெருக்கற்பலன் இரண்டிலும் 3 என்பதால் விடை சரி என்றே தோன்றிவிடும்.

ஆசிரியரின்றிப் படிப்பவர்களுக்கு இந்தப் பாடத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: விடையைத் தாமே சோதிக்கலாம். தீர்வை மூலச் சமன்பாட்டில் இடலாம். நேர்மாறை மூல அணியோடு பெருக்கி அலகு அணி (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0) வருகிறதா என்று பார்க்கலாம். ஐகன் வெக்டரை அணியால் பெருக்கினால் அதே வெக்டரின் மடங்கு வர வேண்டும். அடுத்த பகுதியை வெளியிடும்போது, கணக்குகளின் கீழே வெறும் விடையை அச்சிடாமல், அதைச் சோதிக்கும் வழியையும் ஒரு வரியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்